எக்ஸ்பர்ட் சிஸ்டம் பாடப்புத்தகத்துக்கு வெளியே எங்காவது ஓடியதுண்டா?

கேள்வி: 2024 மார்ச் 3, மாலை 7.15

எம்.சி.ஏ. கடைசி வருடம். செமினாருக்கு "வல்லுநர் முறைமைகளின் நடைமுறைப் பயன்கள்" என்று தலைப்பு விழுந்திருக்கிறது. அதாவது எக்ஸ்பர்ட் சிஸ்டம்: நிபுணரின் அறிவை 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்ற விதிகளாக எழுதிக் கம்ப்யூட்டரை முடிவு சொல்ல வைப்பது. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் மைசின், டென்ட்ரல், எக்ஸ்கான், ப்ராஸ்பெக்டர் என்று அதே நாலு சிஸ்டம். நாலும் அமெரிக்கா, நாலும் நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தவை. நான் சொல்லப்போவது இதுதான்: எக்ஸ்பர்ட் சிஸ்டம் பரீட்சைத் தாளில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. மறுக்க யாராவது உண்டா? நேரில் பார்த்தவர்கள் மட்டும் பேசவும்.

மார்ச் 3, இரவு 10.40

பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வருடம் அதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை, பெயர் வேண்டாம். நான் சிசிஆரில் ஷிப்ட் இன்ஜினியர். சிசிஆர் என்றால் கட்டுப்பாட்டு அறை. ஏசி உண்டு, திரைகள் உண்டு, டீ மட்டும் எப்போதும் ஆறிப்போய்த்தான் வரும். அங்கே உட்கார்ந்து கில்னை ஓட்டுவது வேலை. கில்ன் என்பது அறுபது எழுபது மீட்டர் நீளத்தில் லேசாகச் சாய்த்துப் போட்ட இரும்புக் குழாய். உள்ளே செங்கல் பூச்சு, நிமிடத்துக்கு மூன்று நான்கு சுற்று. மேல் முனையில் அரைத்த சுண்ணாம்புக்கல் மாவு இறங்கும், கீழ் முனையில் நெருப்பு. மாவு 1450 டிகிரி செல்சியஸைத் தொட்டு, கிளிங்கராகி (இதை அரைத்தால்தான் சிமெண்ட்), உருண்டை உருண்டையாக வெளியே விழும்.

சிக்கல் என்னவென்றால் அந்த 1450-ஐ நேரடியாக நம்பி அளக்க முடியாது. உள்ளே தூசி. ஆகவே சுற்றி வளைத்து ஊகிக்க வேண்டும். கில்னைச் சுற்றும் மோட்டார் எவ்வளவு ஆம்ப்ஸ் இழுக்கிறது (உள்ளே சூடு ஏறினால் சரக்கு பிசுபிசுத்து ஓரத்தில் ஏறும், மோட்டார் திணறும்), நாக்ஸ் (சூடு ஏறினால் கூடும் நைட்ரஜன் ஆக்சைடு வாயு) எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, லேபிலிருந்து வரும் ஃப்ரீ லைம் எவ்வளவு. ஃப்ரீ லைம் என்றால் வேகாமல் மிஞ்சிய சுண்ணாம்பு. அது ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் நின்றால் ஷிப்டில் எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டரை வந்தால் போன் அடிக்கும்.

2004 வாக்கில் ஐரோப்பாவிலிருந்து ஒரு எக்ஸ்பர்ட் சிஸ்டம் வாங்கிப் போட்டார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை இத்தனையையும் பார்த்து, நிலக்கரியை, உள்ளே இறங்கும் மாவின் ஃபீடை, புகையை இழுக்கும் ஃபேனைத் தானே சிறிது சிறிதாக மாற்றும். திரையின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தால் வண்டியை அது ஓட்டுகிறது, சிவப்பானால் நாங்கள்.

ஓடியதா என்றால், ஓடியது. மைசின் தோற்றுப்போன பரிசோதனை. இது அப்படியில்லை, மூன்று ஷிப்டும் கூலிக்கு வேலை பார்த்தது.

மார்ச் 3, இரவு 11.55

தூக்கம் வரவில்லை. ஒன்று விட்டுப்போச்சு. இது எங்கள் ஊர் அதிசயம் இல்லை. சிமெண்ட் கில்ன்தான் இந்த வகை சிஸ்டங்களுக்குப் பழைய மாமியார் வீடு. பேராசிரியர் ஜாதே 1965-இல் ஃபஸ்ஸி கணங்களைப் பற்றி எழுதினார்: உண்டு, இல்லை என்று வெட்டாமல் 'கொஞ்சம்', 'அதிகம்' என்பதையும் கணக்கில் எடுக்கும் கணிதம். எழுபதுகளின் நடுவில் லண்டனில் மம்தானி ஒரு குட்டி நீராவி எந்திரத்தில் அதைப் பொருத்திக் காட்டினார். அதைத் தொழிற்சாலைக்கு எடுத்துவந்து காசாக்கியவர்கள் டென்மார்க்கில் சிமெண்ட் ஆலை எந்திரங்கள் செய்யும் எஃப்.எல். ஸ்மித் நிறுவனத்து ஆட்கள், ஹோல்ம்ப்ளாட், ஆஸ்டர்கார்ட் இரண்டு பேரும். 1980-ஐ ஒட்டிய வருடங்களில் கில்னுக்கு.

அவர்கள் ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்கவில்லை. சூளை ஓட்டுபவர்களுக்கென்று ஏற்கெனவே அச்சில் இருந்த ஒரு பாடநூலில் 27 நிலைகள் எழுதியிருந்தது. எரிமண்டலச் சூடு, பின்முனைச் சூடு, ஆக்சிஜன். ஒவ்வொன்றும் குறைவு, சரி, அதிகம். மூன்று முறை மூன்றைப் பெருக்கிக்கொள். ஒவ்வொரு நிலைக்கும் என்ன செய்வது என்று பக்கத்திலேயே குறிப்பு. அதாவது கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே எக்ஸ்பர்ட் சிஸ்டம் காகிதத்தில் இருந்தது. இதை செமினாரில் சொல், பேராசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

மார்ச் 4, காலை 8.10

"விதிகளை எப்படி எடுத்தார்கள்" என்று கேட்டிருக்கிறாய். எங்களிடம் ஒரு பெரியவர் இருந்தார். கில்ன் பர்னர். அடுப்பையும் பர்னர் என்போம், அதை ஓட்டுகிற ஆளையும் பர்னர் என்போம். அந்தக் காலத்தில் சிசிஆர் எல்லாம் கிடையாது. கில்ன் வாசலில் நின்று நீலக் கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே பிடித்து நெருப்பைப் பார்த்தே ஓட்டியவர். படித்தது எட்டாவது. நாங்கள் எல்லோரும் அண்ணே என்போம், ஜிஎம் உட்பட.

சிஸ்டம் விற்ற கம்பெனிக்காரன் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரை அனுப்பினான். இரண்டு வாரம் அவர் அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் மொழிபெயர்ப்பு. அண்ணன் சொல்வார்: "ஆம்ப்ஸ் லேசா ஏறுது, நாக்ஸும் கூட ஏறுது, அப்ப கரியக் கொஞ்சம் புடிக்கணும்." இவர் கேட்பார்: லேசா என்றால் எத்தனை? கொஞ்சம் என்றால் எத்தனை கிலோ? அண்ணன் என்னைப் பார்ப்பார். இந்த ஆளுக்குச் சமையல் தெரியுமா என்று கேள் என்பார். நான் மொழிபெயர்க்கவில்லை.

ஆனால் ஃபஸ்ஸியின் அழகே அதுதான். "லேசா", "கொஞ்சம்", "நல்லா" என்ற மூன்று சொல்லையும் அப்படியே எடுத்துக்கொண்டு, எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதைக் கோடாகப் போடாமல் சரிவாகப் போடுகிறது. அண்ணனின் தமிழ் கிட்டத்தட்ட அப்படியே உள்ளே போனது.

ஒன்று மட்டும் போகவில்லை. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் ரா மில் நிற்கும். பீக் அவர், கரண்ட் விலை கூட, அதனால் மாவு அரைக்கும் மில்லை நிறுத்திவிடுவார்கள். கில்னின் சூடான புகை அதுவரை அந்த மில் வழியாகப் போய்க்கொண்டிருக்கும். மில் நின்றதும் பாதை மாறும், இழுவை ஆடும், ஆக்சிஜன் சட்டென்று சரியும். சிஸ்டம் ஆக்சிஜன் சரிந்ததைப் பார்த்த பிறகே ஃபேனைக் கூட்டும். அண்ணன் ஷிப்டில் ஆக்சிஜன் சரியவே சரியாது. அவர் முன்கூட்டியே ஃபேனைத் தொட்டிருப்பார். எப்படி என்று வெள்ளைக்காரர் கேட்டதற்கு, "தெரியும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். குறிப்பேட்டில் அந்த இடத்தில் "உள்ளுணர்வு" என்று எழுதிக்கொண்டார்கள்.

மார்ச் 4, பிற்பகல் 2.30

இல்லை தம்பி, வெள்ளைக்காரருக்குச் சமையல் தெரியாது. பின்னால் விசாரித்தேன்.

மார்ச் 5, இரவு 9.20

முதல் குறிப்பில் மைசின் தோற்றது என்று அடித்துவிட்டேன். தவறு. திருத்துகிறேன்.

மைசின் ஸ்டான்ஃபோர்டில் எழுபதுகளில் ஷார்ட்லிஃப் செய்தது. ரத்தத்தில் கிருமி, மூளைக்காய்ச்சல், இதற்கு எந்த ஆன்டிபயாடிக், எவ்வளவு என்று சொல்வது. சில நூறு விதிகள். 1979-இல் அதற்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். பத்து மூளைக்காய்ச்சல் நோயாளிகளின் விவரம், மதிப்பிட எட்டு நிபுணர்கள், எது எந்திரத்தின் பதில், எது மருத்துவரின் பதில் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. மைசின் சொன்ன சிகிச்சைக்கு 65 சதவீதம் ஒப்புதல். அதே ஸ்டான்ஃபோர்டின் பேராசிரிய மருத்துவர்களுக்கு 42.5 முதல் 62.5 வரை. பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியது அதுதான்.

ஆனாலும் ஒரு நோயாளிக்குக்கூட வார்டில் அது மருந்து எழுதவில்லை. காரணம் மூளை போதாமல் இல்லை. மருத்துவர் ஒரு டெர்மினல் முன்னால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் உட்கார்ந்து, அது கேட்கும் கேள்விகளுக்கு எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டும். மருத்துவமனையின் எந்தப் பதிவேட்டோடும் அதற்குத் தொடர்பு கிடையாது. தப்பானால் பொறுப்பு யாருக்கு என்ற கேள்வி வேறு.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் பஃப் என்று இன்னொரு சிஸ்டம். மைசினிலிருந்து மருத்துவ விதிகளை உருவிவிட்டு, வெறும் யோசிக்கும் கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் நுரையீரல் பரிசோதனை விதிகளைப் போட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவில் பசிபிக் மெடிக்கல் சென்டரில் தினசரி ஓடியது. நோயாளி குழாயில் ஊதுவார், எண்கள் கருவியிலிருந்து வந்துவிடும், அது அறிக்கை எழுதும், மருத்துவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். பெரும்பாலானவற்றை அப்படியே. யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்யவில்லை.

எங்கள் கில்னும் அதே சாதிதான். ஆம்ப்ஸ், நாக்ஸ் எல்லாம் தானே வந்து கொட்டும். ஆக நான் சொல்வதை மாற்றிக்கொள்கிறேன்: எந்த எக்ஸ்பர்ட் சிஸ்டம் ஓடும், எது ஓடாது என்பதைத் தீர்மானிப்பது விதிகளின் புத்திசாலித்தனம் இல்லை. விவரம் தானாக வருகிறதா, ஒருவனை உட்காரவைத்துக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதா என்பதுதான்.

மார்ச் 6, காலை 6.45

தானாக வரும் விவரத்துக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பொய் சொல்லும்.

கில்ன் பின்முனையில் ஆக்சிஜன் அளக்க ஒரு குழாயைச் செருகியிருப்போம். உள்ளே ஆயிரம் டிகிரிக்கு மேல், தூசி, ஒட்டும் உப்பு. குழாய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் வெளிக்காற்றை இழுத்து, ஆக்சிஜன் ஏராளமாக இருக்கிறது என்று காட்டும். மனிதன் என்ன செய்வான்? எட்டு நிமிடமாக நகராமல் ஒரே எண் நிற்கிறதே என்று சந்தேகப்பட்டு, வாக்கி டாக்கியில் ஃபீல்டு ஆளைக் கூப்பிட்டு, போய்க் குத்திவிடு என்பான். எங்கள் சிஸ்டத்தின் முதல் பதிப்பு நம்பிக்கைசாலி. காற்று நிறைய இருக்கே, கரியைக் கூட்டலாம் என்று கூட்டியது. கார்பன் மோனாக்சைடு ஏறி, புகையில் தூசியைப் பிடிக்கும் இஎஸ்பி ட்ரிப் ஆகி நின்றது. புகைபோக்கியிலிருந்து வந்த தூசி பக்கத்து ஊர்த் துவைத்த துணி மேல் எல்லாம். மறுநாள் கேட்டில் பஞ்சாயத்து.

அதற்கப்புறம் மூன்று மாதம் சிவப்பு விளக்குதான்.

மார்ச் 6, இரவு 10.05

மூன்று மாதம் என்று எழுதியது கணக்குப்படி சரியில்லை. கணக்குப்படி அந்த மூன்று மாதமும் சிஸ்டம் எண்பத்தைந்து சதவீதம் ஓடியது.

விளக்குகிறேன். மேலிடத்தில் பயன்பாட்டு சதவீதம் என்று ஒரு கட்டத்தை மாதாந்திர அறிக்கையில் சேர்த்துவிட்டார்கள். பச்சை விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று. எண்பதுக்குக் கீழே போனால் ஷிப்ட் இன்ஜினியர் பதில் சொல்ல வேண்டும். எங்களுக்கு வழி தெரியாதா? சிஸ்டம் நிலக்கரியை எந்த எல்லைக்குள் மாற்றலாம் என்று கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டு எண் கொடுப்பது ஆபரேட்டர் உரிமை. கீழ் எல்லை மணிக்கு 7.8 டன், மேல் எல்லை 7.9 டன் என்று போட்டுவிடுவோம். பச்சை விளக்கு ஜோராக எரியும். அது உள்ளே என்னென்னவோ கணக்குப் போட்டுத் தவிக்கும், கை கட்டியிருக்கும். கில்னை நாங்கள் ஓட்டுவோம். கோவில் தேரில் உட்கார்ந்திருக்கும் உற்சவர் மாதிரி. மரியாதைக்குக் குறைவில்லை, இழுப்பது வேறு ஆள்.

நான் செய்தேனா என்றால், செய்தேன். இரண்டு வருடம்.

ஆகையால் தம்பி, எந்தத் தொழிற்சாலையாவது "எங்கள் சிஸ்டம் 90 சதவீத நேரம் ஓடுகிறது" என்று சொன்னால் எல்லைகளுக்கு இடையே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேள்.

மார்ச் 7, காலை 7.00

"ஆபரேட்டர்கள் சோம்பேறிகள், அதான் அணைத்தார்கள்" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். மருத்துவர்களும் சோம்பேறிகளா என்று கேட்கிறேன். மருந்துச் சீட்டு எழுதும் மென்பொருளில் இந்த மருந்தோடு அந்த மருந்து சேராது என்று எச்சரிக்கை துள்ளி வருமே, அதுவும் எக்ஸ்பர்ட் சிஸ்டத்தின் பேரன்தான். 2006-இல் வந்த ஒரு மதிப்பாய்வு பல ஆய்வுகளை அடுக்கிப் பார்த்தது. எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை தள்ளிவிடப்பட்டிருந்தன. நூற்றில் தொண்ணூறு தடவை வீணாகக் கத்தும் நாயை யார் எழுந்துபோய்ப் பார்ப்பார்கள்? திருடன் வரும் அன்றைக்கும் அதே குரலில்தான் கத்தும்.

மார்ச் 8, இரவு 9.45

அண்ணனின் "உள்ளுணர்வு" பற்றி 4-ஆம் தேதி எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு. அவர் ஓய்வுபெற்ற பிறகு பழைய ட்ரெண்டுகளை (எது எப்போது மாறியது என்ற பதிவுகளை) எடுத்து வைத்து ஒரு வாரம் பார்த்தேன். அவர் ஃபேனைத் தொட்ட நேரங்கள் ஐந்தே முக்காலுக்கும் ஆறுக்கும் நடுவில். பீக் அவர் எப்போது தொடங்கும் என்று அவருக்குத் தெரியும். சுவரில் கடிகாரம் இருக்கிறது. உள்ளுணர்வும் இல்லை ஒன்றும் இல்லை. சிஸ்டத்தில் நேரத்தை ஒரு உள்ளீடாகச் சேர்த்திருந்தால் முடிந்தது. நான் கெத்தாக அப்படி ஒரு விதியும் எழுதிப் போட்டேன்: மணி 5.50 ஆனால் ஃபேனை லேசாகக் கூட்டு.

பாதி நாள் சரியாக வேலை செய்தது. மீதி நாள், மில்லை ஆறரைக்கோ ஏழுக்கோ நிறுத்தினார்கள், அல்லது மாவு சைலோவில் இருப்பு குறைவு என்று நிறுத்தவே இல்லை. என் விதி ஃபேனைக் கூட்டி, சூட்டை வீணாக வெளியே ஊதியது. ஒரு மாதத்தில் எடுத்துவிட்டேன்.

நிபுணர் வாயால் சொல்வதும் கையால் செய்வதும் வேறு என்பதற்கு இன்னொரு நல்ல உதாரணம், அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகம். மிகால்ஸ்கியும் சிலாஸ்கியும் 1980-இல் வெளியிட்டது. சோயா பயறில் 15 நோய்கள். ஒருபக்கம் தாவர நோய் நிபுணரை உட்காரவைத்துக் கேட்டு எழுதிய விதிகள். இன்னொரு பக்கம், நோய் உறுதியான சில நூறு செடிகளின் விவரத்தைக் கொடுத்து எந்திரமே கண்டுபிடித்த விதிகள். புதிய செடிகளில் சோதித்தால் நிபுணர் சொன்னவை 71.8 சதவீதம், எந்திரம் பொறுக்கியவை 97.6. நிபுணருக்கு நோய் தெரியாமல் இல்லை. தனக்கு எப்படித் தெரிகிறது என்பதை எடுத்துச் சொல்ல வரவில்லை. என் அம்மாவிடம் ரசத்துக்கு எவ்வளவு புளி என்று கேட்டுப் பார், தெரியும்.

மார்ச் 9, பிற்பகல் 12.15

எக்ஸ்கான் பழசு என்று ஒதுக்கிவிட்டாய். அதில்தான் உன் செமினாருக்கே சதை இருக்கிறது.

டிஜிட்டல் எக்விப்மெண்ட் கம்பெனி, வாக்ஸ் கம்ப்யூட்டர் விற்றவர்கள். ஒவ்வொரு ஆர்டரும் ஒரு தனிக் கல்யாணம். எந்தப் பெட்டி, எந்த அட்டை, எத்தனை கேபிள், எது எதோடு பொருந்தும். தப்பான கேபிள் போனால் வாடிக்கையாளர் வாசலில் பாதிக் கம்ப்யூட்டர் நிற்கும். இதைச் சரிபார்க்கத்தான் எக்ஸ்கான், கார்னகி மெலனில் மெக்டெர்மட் 1978-இல் தொடங்கி எழுதிக் கொடுத்தார். 1980-இல் வேலைக்குச் சேர்ந்தது. 1986 வாக்கில் 80,000 ஆர்டர்களைக் கடந்து, வருடத்துக்குச் சுமார் 2.5 கோடி டாலர் மிச்சம் என்று கம்பெனியே கணக்குச் சொன்னது. ஆர்டர் படிவம் எப்படியும் வந்தே தீரும், யாரும் தனியாகத் தட்டச்சு செய்யத் தேவையில்லை. என் 5-ஆம் தேதிக் குறிப்பு இங்கேயும் செல்லும்.

பிறகு வலி தொடங்கியது. புதுப்புதுப் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. 6,200 விதிகள் ஆனபோது அவற்றில் ஏறத்தாழ பாதி ஒவ்வொரு வருடமும் மாறியது. ஒரு விதியைத் தொட்டால் எங்கே எது உடையும் என்று சொல்ல முடியாது. அதைப் பார்த்துக்கொள்ளவே ஒரு படை. ஆலைக்காரனாக எனக்கு இது புரியும். கில்னுக்கு வருடம் ஒருமுறை செங்கல் மாற்ற ஷட்டவுன் எடுக்கிறோம், பட்ஜெட்டில் தனி வரி இருக்கும். விதிகளுக்கு ஷட்டவுனும் இல்லை, வரியும் இல்லை. எங்கள் ஆலையில் நிலக்கரியிலிருந்து பெட்கோக்குக்கு (பெட்ரோலியச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி) மாறினபோது சூட்டின் நடத்தையே மாறிப்போனது. விதிகள் நிலக்கரிக்கு எழுதியவை. திருத்த ஆள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வருடாந்திர ஒப்பந்தத்தைச் செலவு என்று யாரோ வெட்டியிருந்தார்கள்.

கேம்ப்பெல் சூப் கம்பெனியில் ஆல்டோ சிமினோ என்று ஒருவர், டப்பாவை வேகவைக்கும் ராட்சத ஸ்டெரிலைசர்களோடு நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தவர். அவர் ஓய்வுபெறப் போகிறார் என்று எண்பதுகளின் நடுவில் அவர் தலையிலிருந்து 151 விதிகளை எடுத்துப் பெட்டியில் போட்டார்கள். அந்தக் கதையைப் படித்தபோது எங்கள் அண்ணன் ஞாபகம் வந்தது. 151-இல் கடிகார விதி ஏதாவது இருந்ததா தெரியவில்லை!

மார்ச் 10, மாலை 5.30

விவசாயம் பற்றிக் கேட்டவருக்கு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் நெல், வாழை, தென்னை, கரும்பு என்று பயிருக்குப் பயிர் வல்லுநர் அமைப்பு இருக்கிறது, தமிழிலேயே. படத்தைப் பார்த்து, இலையில் புள்ளியா, நுனி காய்ந்ததா என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்துகொண்டே போனால் நோயின் பெயரில் போய் நிற்கும். என் தம்பி கரும்புக்குப் பார்த்திருக்கிறான். எனக்கு இருபது தென்னை.

தென்னையில் ஒரு வேடிக்கை. சுருள் வெள்ளை ஈ 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம்தான் இந்தியாவில் முதலில் தென்பட்டது. ஓலையின் அடியில் வெள்ளைச் சுருள், மேலே கரிப்பூஞ்சை படிந்து தோப்பே புகைக்கூண்டு மாதிரி ஆகும். 2015-இல் உலகத்திலேயே கெட்டிக்காரத் தென்னை நிபுணரிடம் இந்தியாவுக்கென்று விதி எழுதி வாங்கியிருந்தாலும் இந்தப் பூச்சி அதில் இருந்திருக்காது. அந்த விதித்தொகுப்பு கரிப்பூஞ்சையைப் பார்த்து வேறு எதையாவது நம்பிக்கையாகச் சொல்லும். இதில் மருந்தடிப்பதும் தப்பு, அடித்தால் ஈயைத் தின்னும் குட்டிக் குளவி முதலில் சாகும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டிவிட்டுக் குளவிக்கு வழிவிட வேண்டும்.

நான் என்ன செய்தேன் என்று கேட்காதே. மருந்தடித்தேன். கடைக்காரர் சொன்னார்.

மார்ச் 12, காலை 9.00

கம்ப்யூட்டரே இல்லாத எக்ஸ்பர்ட் சிஸ்டம் பற்றி முதல் நாள் விளையாட்டாகச் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் உலகத்தில் அதிகம் ஓடுவது அந்த வகையாகத்தான் இருக்கும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தொண்ணூறுகளில் கொண்டுவந்த குழந்தை நோய் அட்டைகள், வண்ண வண்ணமாக. மருத்துவர் இல்லாத இடத்தில் கிராம செவிலியர் வைத்துப் பார்ப்பது. இருமலோடு வந்த குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணு. இரண்டு மாதத்துக்குள் என்றால் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அதைத் தொட்டால் வேகமூச்சு. நெஞ்சுக்குழி உள்வாங்கினால் இன்னொரு கட்டம். இருந்தால், என்றால், செய். சுத்தமான விதித்தொகுப்பு.

நம் நாட்டிலும் எண்பதுகளில் அறிவுசார் கணினித் திட்டம் என்று மத்திய அரசு தொடங்கியபோது எக்ஸ்பர்ட் சிஸ்டத்துக்கான மையம் சென்னை ஐஐடி. அங்கே ஏகலைவா என்று ஒன்று செய்தார்கள், சிறு குழந்தைகளின் நோய்க்குறிகளைச் சமாளிக்க சுகாதாரப் பணியாளருக்குத் துணையாக. நாலும் அமெரிக்கா என்றாயே, இந்தா ஐந்தாவது. குரு பக்கத்தில் இல்லாமலே கற்றவன் பெயரை வைத்தவர் யாரோ, கைகொடுக்க வேண்டும்.

மார்ச் 12, காலை 9.25

மூச்சு எண்ணும் எல்லையில் "தொட்டால்" என்று எழுதியது சரிதான். 50 என்றால் 50-உம் சேர்த்தி. ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார்.

மார்ச் 13, இரவு 11.10

"இப்போது சாட்பாட் வந்துவிட்டது, இதெல்லாம் எதற்கு?" சாட்பாட்டிடம் கில்னைக் கொடுத்துப் பாருங்கள், நான் கும்பகோணத்திலிருந்து வேடிக்கை பார்க்கிறேன். விதிக்கு ஒரு குணம் உண்டு. ராத்திரி மூன்று மணிக்கு ஏன் கரியைக் குறைத்தாய் என்று கேட்டால் இந்த விதி, இந்த எண், இந்த நேரம் என்று வரி வரியாகக் காட்டும். தப்பாக இருந்தால் அந்த வரியைத் திருத்தலாம். அது ஆறுதல். தூக்கக் கலக்கத்தில் பெரிய ஆறுதல்.

புதிய ஆலைகளில் கணித மாதிரியும் விதியும் கலந்து போடுகிறார்கள் என்று பழைய சகாக்கள் சொல்கிறார்கள். பச்சை விளக்கு இன்னும் இருக்கிறதாம். எல்லையைக் கட்டும் பழக்கமும்.

மார்ச் 17, மாலை 6.20

இந்த இழையால் ஒரு நல்லது நடந்தது. அண்ணனுக்குப் போன் போட்டேன். எழுபத்தாறு வயது, காது மந்தம், குரல் மட்டும் அப்படியே. கில்ன் பக்கத்தில் நின்று கத்திப் பழகிய குரல். ஆறு மணி சமாச்சாரத்தைக் கேட்டேன். வெள்ளைக்காரர் உள்ளுணர்வு என்று எழுதினார், நான் கடிகாரம் என்று கண்டுபிடித்தேன், எது சரி அண்ணே?

சிரித்தார். சிரித்து இருமினார்.

"கடிகாரமா? மில்லுல என் மச்சான் இருந்தான்டா. நிறுத்துறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி போன் போட்டுச் சொல்லிருவான். நிறுத்தலைன்னாலும் சொல்லிருவான்."

இரண்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். மேஜை மேல் அந்த இன்டர்காம் அடித்துக்கொண்டேதான் இருந்தது. அண்ணன் எடுத்து "ம்" என்பார், வைப்பார். வீட்டு விஷயம் என்று நினைத்தோம். வெள்ளைக்காரர் தொந்தரவாக இருக்கிறது என்று இரண்டாம் வாரம் அதன் ஒயரைக் கழற்றி வைக்கச் சொன்னார். கழற்றியது நான்தான்.

மச்சானின் எக்ஸ்டென்ஷன் நம்பர் அண்ணனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. 214.